கரிசல் மேடைகள் – 17: கடல் வழி வந்த துள்ளிசை

சென்ற இதழில் நாடக நடிகர் விஸ்வநாததாஸின் கடைசி இரவோடு நிறுத்தியிருந்தோம். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில், மேடையில் மயில்மேல் உட்கார்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. அவரோடு ஸ்பெஷல் நாடகம் முடிந்துவிடவில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் பங்குனிப் பொங்கலோ சித்திரைப் பொங்கலோ வந்தால் இன்றைக்கும் ஏதாவது ஓர் ஊரில் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறது. ஆனால் 1960-களின் கடைசியிலிருந்து ஆர்மோனியம் இருந்த மேடைக்குக் கிட்டாரும் பாங்கோசும் வந்து சேர்ந்தன. நாடகம் ஒரு ராத்திரி, பாட்டுக் கச்சேரி ஒரு ராத்திரி என்று ஊர்க்கூட்டத்தில் பிரித்து வரி போடும் வழக்கம் வந்தது.

அந்தக் கிட்டார் எங்கிருந்து வந்தது? சினிமாவிலிருந்து என்று சட்டென்று சொல்லிவிடலாம். பாதி சரிதான். 1964-ல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் போட்ட மெட்டுகள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன. மறுபாதி சென்னையிலிருந்து வரவில்லை. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் வந்தது. சினிமாப் பாதியைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். இந்த அத்தியாயம் முழுவதும் மறுபாதிக்கு.

முதலில் ஒரு நிலப்படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து சென்னைக்கு நேர்கோடு போட்டால் 450 கிலோமீட்டருக்கு மேல் வரும். திருச்சுழியிலிருந்து கொழும்புக்குக் கோடு போட்டால் ஏறத்தாழ 350 கிலோமீட்டர்தான். தலைநகரத்தைவிடக் கொழும்பு நமக்குக் கிட்டே. அந்தக் கோடு போகும் வழியைப் பாருங்கள். கொழும்பை விட்டதும் கடலில் இறங்கி, மன்னார் வளைகுடா முழுவதையும் கடந்து, சாயல்குடிப் பக்கம் கரையேறி, கமுதிச் சீமையைத் தாண்டினால் திருச்சுழி வந்துவிடுகிறது. முக்கால் பங்குக்கு மேல் கடல். மத்திய அலை வானொலிக்கு இதைவிட நல்ல பாதை கிடையாது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அலை கடல்மேல் அதிகம் தேயாமல் வரும். காடும் மலையும் நிறைந்த நிலத்தில் அது சீக்கிரம் மங்கிப்போகும். திருச்சி வானொலி 1939-லேயே வந்துவிட்டது, திருநெல்வேலி நிலையம் 1963-ல் வந்தது. இருந்தாலும் நம் பக்கத்து ரேடியோவில் முள்ளைத் திருகினால் கணீரென்று விழுந்தது சிலோன்தான்.

அலை வந்தது இயற்கையின் கொடை. அதற்கு ரசிகர்களைச் சேர்த்துக் கொடுத்தது டில்லி. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தவர். அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு ஏறக்குறைய நின்றே போனது. கொழும்பில் நிலைமை நேர்மாறு. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமை இலங்கையில் இருந்தது. அது விட்டுப்போன பலம் பொருந்திய ஒலிபரப்பிகள் ரேடியோ சிலோன் கைக்கு வந்தன. 1950-ல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. காலையில் பொங்கும் பூம்புனல், பிறகு நேயர் விருப்பம், இசையும் கதையும், பாட்டுக்குப் பாட்டு என்று நாள் முழுக்கப் பாட்டு. டில்லி விழித்துக்கொண்டு 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கியபோது தென் மாவட்டங்கள் மயில்வாகனனின் குரலுக்குப் பழகி முடித்திருந்தன. அவருக்குப் பின்னால் கே.எஸ்.ராஜா வந்தார், பி.எச்.அப்துல் ஹமீது வந்தார், ராஜேஸ்வரி சண்முகம் வந்தார். தங்கள் ஊர் எம்.எல்.ஏ. பெயர் தெரியாதவர்களுக்குக்கூட இந்த அறிவிப்பாளர்களின் குரல் தெரியும்.

அருப்புக்கோட்டையில் சிலோன் ரேடியோவுக்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது: தறி. நெசவாளர் தெருக்களில் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை கை, கால், கண் மூன்றுக்கும் ஓயாத வேலை. காது மட்டும் சும்மா இருக்கும். குழித்தறியில் உட்கார்ந்தவர் மிதியை மாற்றி மிதிப்பதும் நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடுவதும் ஒரே தாளம். சுவரில் பலகை அடித்து அதன்மேல் ரேடியோவை வைத்திருப்பார்கள். தறிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று சத்தத்தைக் கூட்டி வைப்பதால், ஒரு வீட்டில் பாடினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். திருச்சுழி, நரிக்குடி கிராமங்களில் டிரான்சிஸ்டர் பரவியது அதற்குப் பிறகுதான். அங்கே அது களத்துமேட்டுக்கும் மிளகாய் வத்தல் காயும் பொட்டலுக்கும் தோளில் தொங்கிக்கொண்டு போனது.

இந்த ரேடியோவில் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே ஒருநாள் வேறு மாதிரி பாட்டு ஒன்று ஒலித்தது. சினிமாப் பாட்டு இல்லை, பக்திப் பாட்டு இல்லை, நாட்டுப்பாட்டு என்றும் சொல்ல முடியாது. கிட்டார், பாங்கோஸ், ஓர் ஆள் குரல், பின்னால் கூட்டாளிகளின் கைதட்டல். பேச்சுத் தமிழ், ஆனால் நம் பேச்சு இல்லை. இலங்கையில் அதைப் பொப் இசை என்றார்கள். துள்ளிசை என்ற பெயரும் வழங்கியது.

1960-கள் உலகமே கிட்டார் பிடித்த காலம். லிவர்பூலில் பீட்டில்ஸ் கிளம்பினார்கள். பாரிசில் ஜானி அலிடே போன்றவர்கள் அமெரிக்கத் தாளத்தைப் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த அலைக்கு அங்கே ‘யே-யே’ என்று பெயர். சென்னைக் கல்லூரிகளிலும் கிட்டார்க் குழுக்கள் முளைத்தன, ஆனால் அவை பாடியது ஆங்கிலத்தில். தமிழில் எந்த மெட்டு போட்டாலும் அதைச் சினிமா இழுத்துக்கொண்டுவிடும். நம் நாட்டில் தமிழ்ப் பொப் இசை தனியாக வளராமல் போனதற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு. இலங்கையில் அப்படி இழுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய தமிழ்ச் சினிமா இல்லை. வானொலி இருந்தது, கல்லூரி விழாக்கள் இருந்தன, கோயில் திருவிழா மேடை இருந்தது. பாட்டு தன் காலில் நிற்க வேண்டியிருந்தது, நின்றது.

சிங்களத்தில் இதற்கு வழி போட்டவர்கள் முன்பே இருந்தார்கள். 1505-ல் இலங்கைக்கு வந்த போர்ச்சுகீசியரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களோடும் வந்த ஆட்டப்பாட்டு, அவர்கள் வழிவந்த பறங்கியர் வீடுகளில் வயலினும் மாண்டலினுமாக நானூறு வருஷம் உயிரோடு இருந்தது. போலீஸ்காரராக இருந்த வாலி பஸ்தியான் அதற்குச் சிங்கள வரிகள் கொடுத்து மேடைக்குக் கொண்டுவந்தார். அதுதான் பைலா. 1966-ல் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் ஆனஸ்லி மாலேவனவும் ‘மூன்ஸ்டோன்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கி, சிங்களப் பாட்டில் மின்கிட்டாரை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். குழு சில வருஷங்களில் பிரிந்தது. கிளாரன்ஸ் ‘கோல்டன் சைம்ஸ்’ என்று புதுக்குழு கண்டார். மொரட்டுவையில் பெரேரா குடும்பத்துப் பிள்ளைகள் சேர்ந்து ‘ஜிப்சீஸ்’ தொடங்கினார்கள். அவர்களில் சுனில் பெரேரா 2021-ல் கொரோனாவில் இறக்கும்வரை பாடிக்கொண்டிருந்தார்.

தமிழில் முதல் பெயர் நித்தி கனகரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். 1960-களின் பிற்பகுதியில் அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்துக்கொண்டிருந்தபோது நண்பர்களோடு சேர்ந்து பாட ஆரம்பித்தவர். ‘சின்ன மாமியே’ அவர் பாட்டு. கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று புத்தி சொல்கிற பாட்டும் அவருடையது. இரண்டிலும் இலக்கியத் தமிழ் கிடையாது, காதல் உருக்கம் கிடையாது. மாமியும் மகளும் குடிகாரனும் தெருவில் என்ன பேசுவார்களோ அதையே யாழ்ப்பாணப் பேச்சில் மெட்டுக்குள் வைத்தார். பின்னாளில் அவர் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார். பாட்டு இங்கேயே தங்கிவிட்டது. கல்யாண வீட்டு மைக்செட் முதல் கல்லூரிச் சுற்றுலா பஸ்வரை அதைப் பாடாதவர் இல்லை. பாடியவர் யாரென்று நம் பக்கம் நூறு பேரைக் கேளுங்கள், ஒருவர் தேறுவது கஷ்டம்.

திருகோணமலையில் பரமேஷ், கோணேஷ் என்ற சகோதரர்கள் இருந்தார்கள். குடும்பமே இசைக்குழுவாக இருந்தது. எம்.பி.பரமேஷ் பாடிய ‘உனக்குத் தெரியுமா’ பாட்டைத்தான் ஈழத்தில் வந்த முதல் தமிழ் இசைத்தட்டு என்று சொல்வார்கள். நித்தியின் பாட்டில் கேலி இருந்தது என்றால் பரமேஷின் பாட்டில் கனிவு இருந்தது. யாழ்ப்பாணத்தில் கண்ணன் கோஷ்டி, ராஜன் கோஷ்டி என்று பல இசைக்கோஷ்டிகள் கோயில் வீதிகளில் இரவு முழுக்க வாசித்தன. நம் ஊர்ப் பொங்கலுக்கு மேடை போடுகிற மாதிரியேதான் அங்கேயும்.

இவர்களில் கடல் கடந்து இங்கே வந்து பெயர் வாங்கியவர் ஏ.இ.மனோகரன். இலங்கையில் அவருக்குப் பொப் இசைச் சக்கரவர்த்தி என்று பட்டம், நமக்கு அவர் சிலோன் மனோகர். சிங்களமும் தமிழும் கலந்து அவர் பாடிய ‘சுராங்கனி’, மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்று ஒரு பெண்ணிடம் சொல்கிற எளிய பாட்டு. அதில் வரும் சிங்களச் சொற்களுக்கு நம் ஆட்களுக்கு அர்த்தம் தெரியாது. தெரியாமலேயே ஊர் முழுக்கப் பாடியது.

அர்த்தம் தெரியாத பாட்டு கரிசல்காட்டில் எப்படி வேர்விட்டது? அந்தத் தாளம் இங்கே ஏற்கெனவே இருந்ததுதான் காரணம். ‘சுராங்கனி’ பைலா நடையில் போகிற பாட்டு; பைலாவின் உயிர் ஆறெட்டுத் தாளம். தகிட தகிட, தகிட தகிட என்று மூன்று மூன்றாக உருளும். நம் கும்மியும் அப்படித்தான் உருள்கிறது. முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் குனிந்து நிமிர்ந்து தட்டுகிற தட்டைக் கவனித்துப் பாருங்கள். ஒயிலாட்டத்தில் பல அடவு அதே நடை. நையாண்டி மேளத்தில் தவில்காரர் வேகமெடுத்தால் வந்து நிற்கும் இடமும் திஸ்ர நடைதான். லிஸ்பனும் ஆப்பிரிக்காவும் கொழும்பும் சுற்றி வந்த தாளத்தை, திருச்சுழிப் பக்கத்துக் கும்மிக்காரி முதல் தடவை கேட்டதுமே கையில் வாங்கிக்கொண்டாள். கால் தானாக ஆடியது என்று அந்தத் தலைமுறை சொல்வது வெறும் பேச்சில்லை.

வாசிப்பவர்களுக்கும் அது தோதாக இருந்தது. அன்றைய சினிமாப் பாட்டை மேடையில் வாசிப்பது சாமானியமில்லை. வயலின் கூட்டம் வேண்டும், குழல் வேண்டும், நடுவில் வரும் இசையை அட்சரம் பிசகாமல் எடுக்க வேண்டும். சின்ன ஊர்க்குழுவிடம் அத்தனை ஆளும் கிடையாது, அத்தனை பணமும் கிடையாது. பொப் பாட்டுக்குக் கிட்டாரில் மூன்று கார்டு தெரிந்தால் போதும். அதனால் கச்சேரி நடு ராத்திரியில் தொய்யும்போது குழுக்காரர்கள் இந்தப் பாட்டைத்தான் எடுப்பார்கள். பாங்கோஸ்காரரின் பாடுதான் கஷ்டம். தோல் கருவி என்பதால் பனி விழுந்தால் இறங்கிவிடும். சத்தம் பொத்துப் பொத்தென்று கேட்கும். பறையைக் காய்ச்சுகிற அதே வைக்கோல் தீயில் பாங்கோசையும் காட்டி ஏற்றிக்கொண்டு வருவார். பறைக்காரரும் பாங்கோஸ்காரரும் ஒரே தீயில் தோல் காய்ச்சிய அந்த இடம்தான் என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் மையம். மேடையில் இருவருக்கும் ஊர் கொடுத்த மரியாதை ஒன்றாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பறைக்காரருக்கு மேடையே கிடையாது, தரைதான். அதைப் பற்றி வரும் வாரங்களில் விரிவாக எழுதுவேன்.

பாட்டோடு மனிதர்களும் வந்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நூறு வருஷத்துக்கு முன் கூலிக்குப் போனவர்களில் பழைய ராமநாதபுரம் சீமையின் பஞ்சக்காட்டு மக்கள் ஏராளம். 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவானது. அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பிறகு தலைமன்னாரிலிருந்து கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. ராமேஸ்வரம் ரயில் மானாமதுரையைத் தொடும். அங்கிருந்து நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வழியாக விருதுநகருக்கு ஒரு ரயில் பாதை 1960-களில் வந்திருந்தது. பாட்டன் போன வழியில் பேரப்பிள்ளை ரயிலில் திரும்பினான். ஊரில் அவனுக்கு நிலம் இல்லை, ‘சிலோன்காரன்’ என்ற பெயர் மட்டும் இருந்தது. ஆனால் ரேடியோவில் நாம் அரைகுறையாகக் கேட்ட பாட்டை முழுசாகப் பாடத் தெரிந்தவன் அவன்தான்.

1977 இந்தக் கதையில் முக்கியமான வருஷம். இலங்கைக் கண்டிச் சீமையில் பிறந்த எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று ஜெயித்து முதலமைச்சரானார். அதே வருஷம் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் ‘சுராங்கனி’யைப் பாடினார்கள். கடல் வழியாக வந்த பாட்டு இப்போது கோடம்பாக்கம் வழியாகவும் வந்தது. பாட்டுக்கு அது நல்லது செய்தது, துள்ளிசை என்ற தனி இசைக்கு நல்லது செய்யவில்லை. தனி இசையாகக் கேட்டதை இனிமேல் சினிமாப் பாட்டாகக் கேட்கத் தொடங்கினோம். மனோகரனும் அப்படித்தான் ஆனார். இலங்கையில் 1978-ல் வந்த ‘வாடைக்காற்று’ படத்தில் நடித்தவர், பின்னர் தமிழிலும் மலையாளத்திலும் வில்லன் வேடங்களில் கரைந்தார். அந்தக் குரலுக்குக் கோடம்பாக்கம் அடியாள் வேடம் கொடுத்தது பெரிய இழப்பு. 2018 ஜனவரி 22 அன்று சென்னையில், 73-ஆவது வயதில் காலமானார்.

1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அடுத்த வருஷம் ராமேஸ்வரம் கப்பலும் நின்றது. பாடியவர்கள் ஜெர்மனிக்கும் லண்டனுக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சிதறிப்போனார்கள். யாழ்ப்பாணத்துக் கோஷ்டி மேடைகளில் பாடிய வாய்கள் வேறு பாட்டுகள் பாடின. நம் பக்கமும் காலம் மாறியது. கேசட் வந்தது, 1987-ல் மதுரை வானொலி வந்தது, பிறகு டி.வி. வந்தது. ரேடியோ முள் சிலோனைத் தேடுவதை நிறுத்தியது. உள்ளூர்க் கச்சேரிக் குழுக்கள் கீபோர்டுக்கும் ரிதம் பேடுக்கும் மாறி, அப்புறம் ஆடலும் பாடலும் வந்து அவையும் ஓரங்கட்டப்பட்டன.

கப்பல் நின்ற பிறகும் மக்கள் வந்தார்கள். இந்தத் தடவை அகதிகளாக, படகுகளில். அருப்புக்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் குல்லூர்சந்தையில் ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-லிருந்து அரசு இவற்றை மறுவாழ்வு முகாம் என்கிறது. எந்தப் பாட்டைக் கேட்டு நம் ஊர் ஒரு தலைமுறை ஆடியதோ, அந்தப் பாட்டின் சொந்தக்காரர்கள் நம் பஸ்ஸில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்வருகிறார்கள். அவர்களிடம் போய் அந்தப் பாட்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும்.

வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய மைக்செட்காரர் கிடங்கிலோ இலங்கையில் அச்சான இசைத்தட்டு கிடந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்குப் போடாதீர்கள். நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் உள்ள பெயர்களை அப்படியே எழுதி இந்தத் தொடருக்கு அனுப்புங்கள். பொங்கல் மேடைகளில் பாடும் குழுக்காரர்களே, ‘சின்ன மாமியே’ எடுக்குமுன் ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: அடுத்து வருவது ஈழத்து நித்தி கனகரத்தினம் தந்த பாட்டு.

(தொடரும்)